ஒரு ஏக்கர் இருக்கட்டும், வீட்டுல குலுக்கை இருக்கா?

சென்னையில இருந்தும் பெங்களூர்ல இருந்தும் போன் பண்ணுகிற தம்பிமார் பாதிப்பேர் கேட்கிறது ஒரே கேள்விதான். "அண்ணாச்சி, ஆழ்வார்திருநகரி பக்கம் ஒரு ஏக்கர் கிடைக்குமா? தண்ணி வசதியோட, ரோட்டுப் பக்கமா. வேலையை விட்டுட்டு தற்சார்பா வாழலாம்னு இருக்கேன்." நான் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்பேன். "இப்ப உங்க வீட்டுல எத்தனை நாளைக்குச் சாப்பாட்டுச் சாமான் இருக்கு, தம்பி?" அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. அரிசி ஒரு அஞ்சு கிலோ இருக்கும். பருப்பு பாதிப் பாக்கெட். மத்தது எது தீர்ந்தாலும் போன்ல தட்டினா பத்து நிமிஷத்துல வாசலுக்கு வந்துரும்.

கோபப்படாதீங்க. ஒரு வாரத்துக்கு இருப்பு வைக்காத வீட்டுக்கு ஒரு ஏக்கர் என்ன, ஒன்பது ஏக்கர் கிடைச்சாலும் தற்சார்பு வராது. நிலம் வச்சிருக்கிற எங்களுக்கே வரலை. அதைச் சொல்லத்தான் இன்னைக்கு உக்காந்திருக்கேன்.

தற்சார்புன்னா விதைக்கிறதுன்னு எல்லாருக்கும் ஒரு நினைப்பு வந்துட்டுது. படம் போடுறவங்களும் நாத்து நடுகிறதை, பாத்தி கட்டுகிறதை, தக்காளி பழுத்துத் தொங்குகிறதைத்தான் போடுறாங்க. நெல்லைக் காயப்போட்டு, மத்தியானம் ஒருதரம் காலால கிளறிவிட்டு, சாயங்காலம் கூட்டி அள்ளுகிற படத்தை யாரும் போட்டு நான் பார்த்ததில்ல. பார்க்க நல்லாவா இருக்கும்? ஆனா வயிறு அங்கதான் நிறையுது. பிசானம் விளைய நாலு மாசம். வீட்டுக்குப் பன்னிரண்டு மாசமும் உலை கொதிக்கணும். நடுவுல இருக்கிற காலத்தை எப்படிக் கடத்துறோம்கிறதுதான் கேள்வி. அதுக்குப் பதில் வயல்ல இல்ல, அரங்கு வீட்டுக்குள்ள இருக்கு. (அரங்கு வீடுன்னா எங்க பக்கத்து வீடுகள்ல ஜன்னல் இல்லாம, இருட்டா, நடுவுல இருக்கிற சாமான் அறை. இப்ப கட்டுகிற வீடுகள்ல அந்த இடத்துல கக்கூஸ் வந்துட்டுது.)

எங்க ஆத்துப் பாசனத்தைப் பாருங்க. தாமிரபரணியில எட்டு அணைக்கட்டு. கடைசி அணை ஸ்ரீவைகுண்டம். அதோட தென்கால் தண்ணிதான் எங்களுக்கு. அந்தத் தண்ணி தூத்துக்குடி கம்பெனிகளுக்குப் போன கதை தனிக்கதை, அது இன்னொரு நாளைக்கு. இருக்கிற தண்ணிக்கு இங்க வாழையும் நெல்லும் போடுறோம். வாழையை வச்சுத் திங்க முடியாது. தார் வெட்டின அன்னைக்கே லாரி ஏறியாகணும். நெல்லை வச்சுத் திங்கலாம். ஆனா அதையும் வாழை மாதிரியே ஆக்கிட்டோம். மிஷின் வயல்ல இறங்குது, ஒரு மணி நேரத்துல நெல்லைக் கக்குது, வியாபாரி சாக்கோட நிக்கிறான், எடை போட்டு ஏத்திக்கிட்டுப் போயிடுறான். சம்சாரி ரூபாயை எண்ணிக்கிட்டு வீட்டுக்கு வந்து, வர்ற வழியில கடையில 25 கிலோ அரிசிப் பை வாங்கிக்கிட்டு வாறான். அந்தப் பையில ஏதோ ஒரு பொம்மை படம். உள்ள இருக்கிறது யார் வயல் நெல்லு, எந்த வருஷத்து நெல்லுன்னு அந்தப் பொம்மைக்கும் தெரியாது, வாங்குறவனுக்கும் தெரியாது.

ஏன் இப்படி ஆச்சுன்னு கேட்டா, சோம்பேறித்தனம்பாங்க. நான் அதை ஒத்துக்கமாட்டேன். மிஷின் அறுக்கும்போது நெல்லுல ஈரம் நூத்துக்கு இருபதுக்கு மேலயும் இருக்கும். அரசாங்கக் கொள்முதல் நிலையத்துலயே 17 சதவீதம்தான் கணக்கு. வீட்டுல ஒரு வருஷம் வைக்கணும்னா 13-க்குக் கீழ காஞ்சிருக்கணும். எங்க அப்பா காலத்துல மீட்டர் கிடையாது. ஒரு நெல்லை எடுத்துக் கடவாப்பல்லுல வச்சுக் கடிச்சா 'கடக்'னு சத்தம் வரணும். நசுங்கினா இன்னும் ஒரு வெயில். கதிரை அறுத்து வயல்லயே ஒரு வெயில் போட்டு, கட்டி, களத்துல அடிச்சு, சுளவால தூத்தி, திரும்பவும் களத்துல காயவச்சு வீட்டுக்குக் கொண்டு வர்றப்ப நெல்லு தானா அந்தப் பதத்துக்கு வந்திருக்கும். இப்ப அறுப்புக்கும் சாக்குக்கும் நடுவுல களமே இல்ல. பல ஊர்கள்ல களத்தோட இடத்துல சமுதாயக்கூடம் இருக்கு. ஈர நெல்லை வீட்டுல கொண்டு வந்து கொட்டினா மூணாம் நாள் சூடு ஏறும், பத்தாம் நாள் பூஞ்சை வாடை வரும். அதனால வித்துருதான். அவனுக்கு வேற வழி வைக்கலை.

மிஷினைக் குத்தம் சொல்லலை. அறுப்புக்கு ஆள் கிடைக்காத ஊர்ல மிஷின் இல்லைன்னா நெல்லு வயல்லயே முளைக்கும். ஆனா அறுக்கிற மிஷினுக்குக் கடன், மானியம் எல்லாம் யோசிச்சவங்க, அறுத்ததைக் காயவைக்க ஊருக்கு ஒரு களம், ஒரு சின்ன அவியல் மில்லு வேணும்னு யோசிக்கலை பாருங்க, அங்கதான் எனக்கு வயிறு எரியுது. முன்னால ரெண்டு ஊருக்கு ஒரு சின்ன ரைஸ் மில் இருந்தது. நெல்லைக் கொண்டு போனா ஊறவச்சு, அவிச்சு, காயவச்சு, நாலு மரக்கால்னாலும் அரைச்சுத் தருவான். தவிடும் குருணையும் மாட்டுக்கு. இப்ப பெரிய மில்காரன் டன் கணக்குல கொண்டு வந்தாத்தான் பேசுவான். தன் நெல்லைத் தானே திங்கணும்னு நினைக்கிற சம்சாரி அரைக்கிற இடம் தேடி பல ஊர் தாண்டி நெல்லு மூட்டையை வண்டியில கட்டிக்கிட்டு அலையணும். ஒரு கூட்டத்துல ஒரு அதிகாரிகிட்ட இதைக் கேட்டேன். "நல்ல விலைக்கு வித்துட்டு, தேவையானதை வாங்கிச் சாப்பிடுங்க பெரியவரே, அதுதான் லாபம்"னார். லாபக் கணக்குல அவர் சொன்னது சரியாக்கூட இருக்கலாம். கடை திறந்திருக்கிற வரைக்கும் சரி.

கடை திறக்காத நாளும் வந்தது. 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை. எங்க பக்கத்துக்கு ஒரு வருஷம் பெய்கிறதைவிடக் கூட. ஆத்து வெள்ளம், குளம் உடைஞ்ச வெள்ளம் எல்லாம் சேர்ந்து ரோடு எது வயல் எதுன்னு தெரியாமப் போச்சு. கரண்ட் இல்ல, போன் இல்ல. திருச்செந்தூர்ல இருந்து சென்னைக்குக் கிளம்பின ரயிலு ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல நின்னுட்டுது. தண்டவாளத்துக்கு அடியில இருந்த கல்லும் மண்ணும் அடிச்சுட்டுப் போய் தண்டவாளம் அந்தரத்துல தொங்குச்சு. ஏறத்தாழ 800 பேர். 19-ஆம் தேதிதான் அவங்களை முழுசா மீட்க முடிஞ்சது. ஹெலிகாப்டர்ல சாப்பாடு போட்டதை டிவியில நீங்க பார்த்திருப்பீங்க. ஹெலிகாப்டர் வர்றதுக்கு முன்னால அவங்களுக்குச் சோறு போட்டது பக்கத்துல இருக்கிற புதுக்குடி கிராமத்து ஜனங்க. அவங்க ஊரும் வெள்ளத்துலதான் நின்னுச்சு. வீடுகள்ல இருந்ததைச் சேர்த்து, கோயில்ல அடுப்பு மூட்டிப் பொங்கிப் போட்டாங்க.

இதை நெகிழ்ச்சியான சம்பவமா எல்லாப் பேப்பர்லயும் எழுதினாங்க. நெகிழ்ந்தது போதும். நான் கேட்கிறது வேற. அந்த ஊர்ல ஒவ்வொரு வீட்டுலயும் உங்க ஃபிளாட் மாதிரி அஞ்சு கிலோ அரிசிதான் இருந்திருந்தா அந்த உலையில எதைப் போட்டிருப்பாங்க? மனசு நல்ல மனசா இருந்தா மட்டும் சோறு வேகாது. அதே மாச ஆரம்பத்துல சென்னையில மிக்ஜாம் புயல் மழை. பால் பாக்கெட்டுக்கு ஜனங்க தண்ணிக்குள்ள நின்னு வரிசை போட்டதையும் டிவியிலதான் பார்த்தோம். 2015-லயும் அதேதான். 2020 மார்ச்ல ஊரடங்கு அறிவிச்ச ராத்திரி கடைக்குக் கடை ஓடினதும் அதேதான். சென்னைக்காரனுக்கு நல்ல மனசு இல்லையா என்ன? 2015-ல அவங்க செஞ்ச உதவியை உலகமே பார்த்தது. இருப்புதான் கிடையாது.

வெள்ளத்துல எங்க இருப்பும் தப்பலைங்கிறதையும் சொல்லணும். தரையில அடுக்கின சாக்கு நெல்லெல்லாம் ஊறி முளை விட்டுட்டுது. பழைய வீடுகள்ல நெல்லை மச்சுல ஏத்திவச்சிருந்தவங்களுக்குப் பொழைச்சது. ஆத்தங்கரையில வீடு கட்டினவங்க அந்தக் காலத்துல மச்சும் பரணும் எதுக்கு வச்சாங்கன்னு அன்னைக்குத்தான் நிறையப் பேருக்கு உறைச்சது.

இனி அந்த ஒரு ஏக்கர் கணக்குக்கு வர்றேன். அஞ்சு பேர் உள்ள வீட்டுக்கு மாசம் 40 கிலோ அரிசின்னு தாராளமா வையுங்க. இட்லி தோசையும் சேர்த்துத்தான். வருஷத்துக்கு 480 கிலோ. நூறு கிலோ நெல்லு அரைச்சா ஏறக்குறைய 65 கிலோ அரிசி வரும். அப்ப 740 கிலோ நெல்லு வேணும். எங்க பிசானத்துல ஏக்கருக்கு ரெண்டு டன்னுக்கு மேல சாதாரணமா எடுக்கலாம். ஆக, 35 சென்ட் போதும். அந்த நெல்லை வைக்க மூணரை அடிக்கு மூணரை அடி, நாலு அடி உயரத்துல ஒரு குலுக்கை. ரெண்டு பீரோ நிக்கிற இடம்தான். நெல்லு அறுக்கிறதுக்கு ஒரு வாரம் முன்னால அந்த ஈரத்துலயே உளுந்தைத் தூவிவிட்டா, அறுப்புக்குப் பிறகு மிச்சம் இருக்கிற ஈரத்துலயே உளுந்து விளைஞ்சிரும். தனி உழவு இல்ல, தனித் தண்ணி இல்ல. (மிஷின் சக்கரம் ஏறினா பாதி உளுந்து போயிரும், அது வேற வயித்தெரிச்சல்.) வரப்புல துவரை. கிணத்தடியில நாலு தென்னை. புளி ஒரு வளர்ந்த மரம் இருந்தா அந்தத் தெருவுக்கே வருஷம் பூரா காணும்.

புளின்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. எங்க ஊர்ல உலகப் புகழ் பெத்த ஒரு புளியமரம் இருக்கு. ஆதிநாதர் கோயில்ல, நம்மாழ்வார் இருந்த உறங்காப்புளி. அதுல காய் பழுக்காதும்பாங்க. அதனால ஊர்ப் பேரைச் சொல்லி அந்த மரத்துப் புளி வேணும்னு யாரும் கேட்காதீங்க. இன்னொண்ணு, அந்த நம்மாழ்வார் வேற, இயற்கை விவசாயம் சொன்ன கோ. நம்மாழ்வார் வேற. போன்ல பேசுகிற தம்பி ஒருத்தர் ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பினார். கோ. நம்மாழ்வார் வேலை பார்த்தது எங்க மாவட்டத்துக் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்துல, 1960-கள்ல. ஒன்பதாம் நூத்தாண்டுல இல்ல.

35 சென்ட் போதும்னா அப்புறம் எதுக்கு ஒரு ஏக்கர் கேட்கிறீங்க? எல்லாத்தையும் தானே விளைவிக்கணும்னு நினைக்கிறீங்க. அங்கதான் தப்பு. ஊறுகாய் போட உப்பு வேணும். அது ஆறுமுகநேரி, தூத்துக்குடி உப்பளத்துல விளையுது, உங்க ஏக்கர்ல விளையாது. கருப்பட்டி வேணும்னா பனை ஏறத் தெரிஞ்ச ஆள் வேணும், உடன்குடிப் பக்கம் போகணும். மிளகாய் விளாத்திகுளம் கரிசல் காட்டுல காயுற மாதிரி எங்க வாய்க்கால் ஈரத்துல காயாது. எந்தக் காலத்துலயும் ஒரு வீடு தனியாத் தற்சார்பா இருந்ததில்ல. நெல்லு இருக்கிறவன் நெல்லைக் கொடுத்து உப்பு வாங்கினான், கருப்பட்டி வாங்கினான், கருவாடு வாங்கினான். ஜே.சி. குமரப்பா தஞ்சாவூர்ல பிறந்து லண்டன்ல கணக்குப் படிச்ச மனுஷன். ஒரு பகுதியோட நிலம் முதல்ல அந்தப் பகுதி ஜனங்களோட சாப்பாட்டை விளைவிக்கணும்னு அவர் கணக்குப் போட்டபோது, ஒரு வீட்டுக்குப் போடலை. ஒரு லட்சம் பேருக்குப் போட்டார். எத்தனை ஏக்கர் நெல்லு, எத்தனை ஏக்கர் பயறு, எத்தனை ஏக்கர் காய்கறின்னு. தனிக்காட்டு ராஜாவா வாழுறதுக்குப் பேர் தற்சார்பு இல்ல. முள்வேலி போட்ட பண்ணை வீட்டுல சோலார் வச்சு, ஆர்.ஓ. வச்சு, பக்கத்து ஊர்க்காரன் பேரு தெரியாம இருக்கிறதுக்கு எதுக்கு இந்தப் பேரு?

இதுல ரியல் எஸ்டேட்காரங்க வேற புகுந்துட்டாங்க. நஞ்சையையும் தேரிக்காட்டையும் துண்டு துண்டாப் போட்டு, 'பண்ணை நிலம்'னு பேர் வச்சு, நாலு மாங்கன்னு நட்டு விக்கிறான். வாங்குகிறவன் வருஷத்துக்கு ரெண்டுதரம் வந்து செல்ஃபி எடுத்துட்டுப் போறான். நிலம் சும்மா கிடக்கு. அது யாருக்கும் சோறு போடலை.

பழைய காலத்தைத் தூக்கிப்பிடிக்கிறேன்னு நினைச்சிராதீங்க. நெறஞ்ச குலுக்கையும் பத்தாயமும் எல்லார் வீட்டுலயும் இருந்ததில்ல. தாமிரபரணிக் கரையில நிலம் பெரும்பாலும் மடத்துக்கும் கோயிலுக்கும் பெரிய பண்ணைகளுக்கும். உழுதவன் பாட்டம் அளந்தது போக மிச்சத்தைக் கொண்டு வந்தான். அறுத்த கூலிக்காரிக்கு மடியில கட்டின நெல்லுதான் இருப்பு. ஆடி மாசம் வந்தா பாதித் தெருவுல உலை ஏறாது. ரேஷன் கடையை யாராவது கேலி பண்ணினா எனக்குப் பிடிக்காது. 2011-ல இருந்து இங்க அரிசி இலவசம். அந்த அரிசி இல்லைன்னா நிலம் இல்லாத வீடுகள் என்ன ஆகியிருக்கும்னு எனக்குத் தெரியும். நான் சொல்றது, நிலமும் வச்சுக்கிட்டு, காசும் வச்சுக்கிட்டு, ஒரு வாரத்துக்கு இருப்பு இல்லாம நிக்கிறோமே அதைப்பத்தி.

அப்புறம் இந்த வத்தல் வடகம் ஊறுகாய்ப் பெருமை பேசுகிற ஆம்பளைகளைப்பத்தி ஒரு வார்த்தை. மேடையில பேசும்போது 'நம் முன்னோர்கள்'பாங்க. முன்னோர்கள் யாரும் வத்தல் போடலை. ஆச்சிமார்தான் போட்டாங்க. பங்குனி வெயில்ல தட்டட்டியில, (மொட்டை மாடியைத்தான் சொல்றேன்) விடியக்காலம் கூழ் காய்ச்சி ஊத்தி, காக்காய்க்குக் காவல் இருந்து, மிதுக்கங்காயைக் கீறி மோர்ல ஊறவச்சு, ராத்திரி மோருக்குள்ள, பகல் வெயிலுக்குள்ளன்னு அஞ்சாறு நாள். புளி உடைச்சு, நார் எடுத்து, கொட்டை எடுத்து, உப்புப் போட்டு மண்பானையில அமுக்கணும். அது ஒரு வாரம். நார்த்தங்காயை விடாமச் சுத்தி வெட்டி உப்பு அடைக்கணும். அது தனி. எல்லாமே மாசி, பங்குனியிலதான் வந்து விழும். பிசான நெல்லு, புளி, மிளகாய், பதநீர் எல்லாம் ஒரே நேரத்துல. அடிக்கிற வெயிலும் அப்பத்தான். இயற்கை பொருத்தமாத்தான் வச்சிருக்கு, ஆனா அத்தனையும் ரெண்டு கையில வந்து விழுது. எங்க வீட்டுல கேட்டாச் சொல்வாங்க: "உங்களுக்கென்ன, தற்சார்புன்னு பேசிட்டுப் போயிருவிய. முதுகு வலிக்கது எனக்குல்லா." அதனால எங்க வீட்டுல புளி உடைக்கிறதும் நெல்லு காயப்போடுறதும் என் வேலை. தற்சார்பா வாழ ஆசைப்படுகிற தம்பிமார் முதல்ல அருவாமணையில உக்காந்து அஞ்சு கிலோ புளிக்குக் கொட்டை எடுத்துட்டு, அதுக்கப்புறம் போன் பண்ணட்டும். அருமையான தேர்வு அது.

சரி, இதெல்லாம் எதுக்கு, காசு கொடுத்தா எல்லாம் கிடைக்குதேன்னு கேட்கலாம். விலைக்காகத்தான். இதை நல்லாக் கவனிங்க, இதுதான் எங்க கழுத்தைப் பிடிக்கிற விஷயம். மாசியில எல்லார் வயல்லயும் நெல்லு, உளுந்து வர்றப்ப எல்லார் வீட்டுலயும் உளுந்து. யாருக்கும் வைக்கிற வசதி இல்ல. எல்லாரும் அதே வாரத்துல விக்கணும். வாங்கி வைக்கிற வசதி வியாபாரிக்குத்தான் இருக்கு, குடோன் அவன்கிட்ட. அப்ப விலையை யாரு சொல்லுவா? அவன்தான் சொல்லுவான். நாங்க வித்த அதே உளுந்து ஆவணியில உளுத்தம்பருப்பா எங்க ஊர்க் கடைக்கே திரும்பி வரும், நாங்க வித்த விலையோட சம்பந்தமே இல்லாம. வைக்கத் தெரிஞ்சவனுக்கு 'இன்னைக்கு விக்கலை, போய்ட்டு வாரும்'னு சொல்லுகிற தைரியம் இருக்கும். களமும் குலுக்கையும் போனதோட அந்தத் தைரியமும் போச்சு. விதையும் அப்படித்தான். வைக்கோல் பிரியைச் சுத்தி விதைக்கோட்டை கட்டி மச்சுல வைப்பாங்க, அடுத்த பருவத்துக்கு முளைப்பு அப்படியே இருக்கும். மிஷின் மிதிச்ச வைக்கோல்ல பிரி திரிக்க முடியாது. இப்ப ஒவ்வொரு பருவத்துக்கும் விதைப் பை விலைக்கு. பாரம்பரிய ரகம்தான் வேணும்னு இல்ல, 1986-ல வந்த அம்பை 16-ஐக்கூட நீங்களே விதைக்கு எடுத்து வைக்கலாம், அது ஒட்டு ரகம் கிடையாது. யாரும் தடுக்கலை. வைக்கிற பழக்கம்தான் விட்டுப்போச்சு.

நகரத்துல இருக்கிறவங்களுக்கும் இது புதுசு இல்ல. உங்க அம்மாகிட்டக் கேளுங்க. 'வருஷச் சாமான்'னு ஒரு வார்த்தை இருந்தது. மாசி பங்குனியில புளி, மிளகாய், மல்லி, துவரை, உளுந்து எல்லாம் வருஷத்துக்கு மொத்தமா வாங்கி, காயவச்சு, டின்னுல அடைச்சு, தேதி எழுதி வச்சாங்க. மாம்பலத்துலயும் மதுரையிலயும் வாடகை வீட்டுல இருந்துக்கிட்டே செஞ்சாங்க. அந்த வீடுகளுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. தற்சார்புன்னு அவங்க பேரும் வைக்கலை.

வைக்கிறது பெரிய வித்தையும் இல்ல. அரிசியா வைக்கிறதைவிட நெல்லா வைக்கிறதுதான் உத்தமம். உமிதான் அதுக்குச் சட்டை. உமி போயி தவிடு வெளியில தெரிஞ்சா தவிட்டுல இருக்கிற எண்ணெய் கெட்டு சிக்கு வாடை வந்துரும். அதனாலதான் கைக்குத்தல் அரிசி சீக்கிரம் கெடுது, அதை மாசத்துக்கு மேல வாங்கி அடுக்காதீங்க. நெல்லு வைக்க இடமில்லாத ஃபிளாட்காரங்க புழுங்கல் அரிசியா வையுங்க. அவிச்ச அரிசி பச்சரிசியைவிடக் கெட்டி, வண்டு லேசுல ஏறாது. துவரையை உடைக்காம முழுசா, செம்மண் குழைச்சுப் பூசிக் காயவச்சா வண்டு கிட்ட வராது. உடைச்ச பருப்பா வாங்கினா நாலு வெயில் போட்டு, ஆறினதுக்குப் பிறகு டின்னுல போடுங்க. சூட்டோட மூடினா உள்ள வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். நொச்சி இலை, வேப்பிலை காஞ்சதா போடணும், பச்சையா இல்ல. இதுல நிறையப் பேர் பச்சை இலையைப் போட்டுட்டு, 'இயற்கை முறை வேலை செய்யலை'ன்னு சொல்றாங்க. ஈரத்தை நீங்களே உள்ள வச்சுக் கட்டினா எந்த முறைதான் வேலை செய்யும்? புளிக்குக் கல்லுப்பு, மண்பானை. எவர்சில்வர்ல போட்டா நாளாவட்டத்துல அரிக்கும்.

ஆத்துக்கு வடகரையில, எங்க ஊருக்குப் பக்கம்தான் சிவகளை. அங்க தோண்டின முதுமக்கள் தாழியில நெல் உமி கிடைச்சது. அதைச் சோதனைக்கு அனுப்பினதுல கி.மு. 1155-னு முடிவு வந்ததா 2021-ல முதலமைச்சர் சட்டசபையிலயே அறிவிச்சார். ஏறத்தாழ 3,200 வருஷம். செத்தவனைப் புதைக்கும்போதுகூட வழிக்கு நெல்லு வச்சு அனுப்பின ஆத்தங்கரை இது. அந்த நெல்லைக் கண்ணாடிக்குள்ள வச்சுக் காட்டுறோம், பெருமைப்படுறோம். உயிரோட இருக்கிறவன் வீட்டுல நாளைக்கு நெல்லு இருக்கான்னு கேட்டா முறைக்கிறாங்க.

நான் என்ன கேட்கிறேன்னா, நிலம் வாங்காதீங்க. நெல்லு வாங்குங்க. அறுப்புச் சமயத்துல, காஞ்ச நெல்லா, ஒரு வருஷத்துக்கு. அஞ்சு வீடு சேர்ந்தா ஒரு சின்ன லாரிக்குச் சரியா இருக்கும். ஒரே ஒரு தெருக்காரங்க இப்படி வாங்க ஆரம்பிச்சாலே, இங்க ரெண்டு சம்சாரி மிஷின்காரன் கிளம்பின கையோட நெல்லை வித்துத் தொலைக்க வேண்டியதில்ல. காயவைக்கிற கூலி கிடைச்சா களத்தை நாங்க போட்டுக்கிறோம். நீங்க பத்து வீட்டுல வச்சிருக்கிற நெல்லு, வியாபாரி குடோன்ல இல்லாத நெல்லு. எங்க விலைக்கு அதுவே பாதுகாப்பு. அடுத்த புயலுக்கு உங்க தெருவுல பத்து வீட்டுல நெல்லு இருக்கும், பக்கத்து வீட்டுக்காரனுக்கும் சேர்த்துப் பொங்கலாம். அரைக்கிறதுக்கு உங்க பக்கம் சின்ன மிஷின் போட்டிருக்கிறவங்க இப்ப ஊருக்கு ஊர் இருக்காங்க, விசாரிங்க.

பிசானம் மாசிக் கடைசியில அறுப்பு. காயவைக்க அஞ்சாறு நாள் ஆகும். வர்றவங்க பங்குனி முதல் வாரத்துல வாங்க. சாக்கு நீங்களே கொண்டு வாங்க, புதுச் சாக்கு. பழைய சாக்குல வண்டு முட்டை இருக்கும்.